வண்டிக் கண்ணாடியில் ஒட்டிய பொட்டு

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள் சார். எனக்கு வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் எந்த ஊருக்கு முன்னால் எத்தனை பாலம் என்று கேட்டால்கூடச் சொல்லிவிடுவேன். பையை மேலே வைக்க வேண்டாம், என் மடியிலேயே இருக்கட்டும்.

பயப்படாதீர்கள். பையைப் பார்த்ததும் நீங்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது எனக்குத் தெரிந்தது. ஆமாம், இன்சூரன்ஸ் ஏஜென்ட்தான். சிதம்பரநாதன் என்று பேர். பாளையங்கோட்டை. இருபத்தாறு வருஷமாக இதே வேலை. ஆனால் இன்றைக்கு யாருக்கும் பாலிசி போட வரவில்லை. என் மகளைக் கூட்டி வரப் போகிறேன். நாகர்கோவிலில் என் மனைவியின் தங்கை வீட்டில் இருக்கிறாள். அரையாண்டு லீவுக்குப் போனவள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது, வர மாட்டேன் என்கிறாள். அங்கேயே ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துகொள்கிறாளாம். பதினோராம் வகுப்பு, பாதி வருஷத்தில். இப்படி ஒன்றை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

போனில் பேசினேன். நான் கால் மணி நேரம் பேசினேன், அவள் அரை நிமிஷம் பேசினாள். "வாங்கப்பா. ஆனா ஏஜென்ட்டா வராதீங்க, அப்பாவா வாங்க. அதுக்கப்புறம் உங்ககூட வாரேனா இல்லையான்னு சொல்லுதேன்." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

நாலு நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவாக வருவது என்றால் எப்படி வருவது? எந்தச் சட்டை? கண்ணாடி முன்னால் நின்று "வாம்மா, போவோம்" என்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது. ஒன்று தவணை கட்ட நினைவுபடுத்துகிற மாதிரி இருந்தது. என் மனைவி செண்பகம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எந்தச் சட்டையில போனாலும் வாயைத் தொறந்தா ஏஜென்ட்தான்" என்றாள். அவள் பேச்சு எப்போதுமே அப்படி. கடைசியில், வீட்டில் இருக்கிற மாதிரியே போவோம் என்று முடிவு செய்து, பாருங்கள், திருநீற்றை நெற்றி நிறையப் பட்டையாகப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டில் நான் இப்படித்தான். காலையில் பூசினால் படுக்கப் போகிறவரை அப்படியே இருக்கும். வெளியே போகிற நேரம் தவிர.

அவளிடம் என்ன குறை என்கிறீர்களா? படிப்பில் குறை இல்லை. கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. ஒரே குறைதான். அவளுக்கு முகம் அதிகம்.

சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

போன ஜூன் மாதம். ஒருநாள் காலையில் மழை வரும்போல இருந்தது. குடையை மறந்துவிட்டுப் போய்விட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். யூனிஃபார்மில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். ஒருத்தி "கேண்டி" என்று கூப்பிட்டாள். என் மகள் திரும்பினாள். என் மகள் பேர் காந்திமதி சார். எங்கள் அம்மாவின் பேர், ஊர்க் கோயிலில் இருக்கிற அம்மன் பேர். கேண்டியாம். மிட்டாய்க்கடை மாதிரி.

திரும்பின ஆளைப் பார்த்தால் எனக்கு யாரோ மாதிரி இருந்தது. வீட்டில் என்ன கேட்டாலும் தட்டைப் பார்த்துக்கொண்டு "சரிப்பா" என்று சொல்கிற பிள்ளை, அங்கே பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறாள். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ், அந்தப் பாதித் தமிழும் எங்கள் ஊர்த் தமிழ் இல்லை. கையை ஆட்டுகிற விதம், நிற்கிற விதம், எல்லாமே வேறு. நெற்றியில் பொட்டு இல்லை. அவள் அம்மா அன்றைக்குக் காலையில்தான் மெரூன் கலர் ஸ்டிக்கர் பொட்டு, நல்ல பெரிய வட்டமாக, வைத்து அனுப்பியிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. குடையை நீட்டினேன். "சரிப்பா" என்றாள். வீட்டுக் குரல். அந்த நிமிஷத்தில் ஆளே மாறிப்போனாள்.

பஸ் போன பிறகு பார்க்கிறேன், அந்த நிறுத்தத்தின் இரும்புக் கம்பத்தில், ஒரு பெண்ணின் தோள் உயரத்தில், வரிசையாக ஸ்டிக்கர் பொட்டு. நின்று எண்ணினேன். பதினொன்று இருந்தது. பஸ் ஏறுமுன் எடுத்துக் கம்பத்தில் ஒட்டிவிடுவது, சாயங்காலம் இறங்கினதும் உரித்து நெற்றியில் வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்கு வருவது. பசை போனது கம்பத்திலேயே தங்கிவிடுகிறது. என்ன ஒரு ஏற்பாடு பாருங்கள். இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாள்? நெல்லையப்பன் அறிய எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பழக்கம் கிடையாது.

உங்கள் பேரைக் கேட்கவே இல்லையே சார். எபனேசரா? சொந்த ஊர் நாசரேத் பக்கமா? நல்லது, ரொம்ப நல்லது.

ஒரு நிமிஷம் சார். நாங்குநேரி தாண்டினால்தான் காற்று வரும் போலிருக்கிறது, இப்படி வேர்க்கிறது. இந்தத் துண்டு எங்கே போயிற்று. ம். இப்போது சரி. இந்தாருங்கள், என் கார்டு. பாலிசிக்கு இல்லை, ஒரு பழக்கத்துக்கு. அதில் "நாதன்" என்றுதான் போட்டிருக்கும். நீங்களும் அப்படியே கூப்பிடலாம். எல்லாம் ஆண்டவர் நடத்துகிற வழி, உங்களுக்குத் தெரியாததா.

எங்கே விட்டேன்? ஆமாம், கம்பம்.

நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை சார். எல்லோரிடமும் ஒரே மாதிரி பழகுகிறவன். அதனால்தான் இந்தத் தொழிலில் நிற்கிறேன். ஏஜென்ட் வேலைக்கு முதல் பாடம், எதிராளியின் வீட்டுக்கு மரியாதை கொடுப்பது. மேலப்பாளையத்தில் ஒரு பாய் வீட்டுக்குப் போகிறேன் என்றால் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு அத்தர் வைத்துக்கொள்வேன். அய்யங்கார் வீடு என்றால் திருநீற்றை எடுத்துவிட்டு ஒற்றைக் கோடாக ஸ்ரீசூர்ணம். கறுப்புச் சட்டைக்காரர் வீட்டுக்கு வெறும் நெற்றி. உங்களவர்கள் வீடு என்றால் சொல்லவே வேண்டாம், வாசலிலேயே "ஸ்தோத்திரம்" என்பேன். டிசம்பர் மாதம் காலண்டர் கொடுப்போம் இல்லையா, அதில்கூட முருகன் தனியாக, அருவி தனியாக எடுத்து வைத்திருப்பேன், ஒருநாளும் மாறிப் போனது கிடையாது. இதற்குப் பேர் மரியாதை. நடிப்பு என்பது வேறு.

காந்திமதி சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்னோடு நிறைய வருவாள். ஸ்கூட்டரில் முன்னால் நிற்பாள். குழந்தையோடு வருகிற ஏஜென்ட்டை யாரும் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்ப மாட்டார்கள், அது என் அனுபவம். அவளும் நல்ல சூட்டிகை. எந்த வீட்டில் "வணக்கம்", எந்த வீட்டில் "சலாம்", எல்லாம் ஏழு வயதிலேயே அவளுக்கு அத்துப்படி. சமாதானபுரத்தில் உங்களவர்கள் வீட்டுக்குத் திரும்புகிற முனையில் வண்டியை நிறுத்தினால் நான் சொல்லவே வேண்டாம், அவளாகவே பொட்டை எடுத்து வண்டிக் கண்ணாடியில் ஒட்டிவிடுவாள். திரும்பி வரும்போது எடுத்து வைத்துக்கொள்வாள். அப்படி ஒரு புத்திசாலிப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு இந்தக் கம்பத்து வேலையை யார் சொல்லிக் கொடுத்தது என்றுதான் எனக்கு விளங்கவில்லை. சேர்க்கைதான். வேறென்ன.

அதற்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்க ஆரம்பித்தால் எங்கே பார்த்தாலும் அதுதான். டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுகிறேன், உள்ளே நுழையும்போதே "நான் ஒண்ணுமே படிக்கலைப்பா, இன்னிக்குச் செத்தேன்" என்கிறாள். விடிகாலை நாலரைக்கு எழுந்து இரண்டு தடவை படித்ததை நான் பார்த்தேன். என் அக்கா பிரமு சங்கரன்கோவிலிலிருந்து வந்தால் இவள் வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறாள், தாவணி கட்டுகிறாள், குரல் அரைக்கட்டை இறங்கிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறாள் தெரியுமா? அப்பா ஃபைனான்ஸ் கம்பெனியில் மேனேஜராம். பெற்றோர் கூட்டத்துக்குப் போன இடத்தில் ஒரு பெண்ணின் தாயார் என்னிடம், "உங்க கம்பெனியில வீட்டுக்கடன் எல்லாம் உண்டா சார்?" என்று கேட்டார். உண்டு என்று சொல்லிவைத்தேன். பிள்ளையை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்க முடியுமா?

நான் தப்பு எங்கே என்று தேடுகிறவன் சார். மற்றவர்களைக் குறை சொல்லிவிட்டுத் தூங்குகிறவன் இல்லை. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டது தப்பா, செல்போன் வாங்கிக் கொடுத்தது தப்பா, ஒரே பிள்ளையாக வளர்ந்தது தப்பா என்று என்னையே தோண்டித் தோண்டிக் கேட்டேன். என்னிடம் ஒரு தப்பும் அகப்படவில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை எதிரே உட்கார வைத்தேன். கம்பத்தில் கண்டது, கேண்டி, டியூஷன், மேனேஜர் என்று வரிசையாகச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பொட்டு வச்சிட்டுப் போனா அந்தப் பிள்ளைங்க மாமி மாமின்னு கூப்பிடுவாங்கப்பா. படிச்சேன்னு சொன்னா சீன் போடுதான்னு சொல்வாங்க. விரதம் இல்லைன்னு சொன்னா அத்தை அம்மாவை ஏசுவாங்க. ஒவ்வொருத்தர்கிட்டேயும் ஒவ்வொரு மாதிரி இருந்தாத்தான் ஒண்ணும் வராது" என்றாள்.

எனக்கு அன்றைக்கு நல்ல பேச்சு வந்தது. மனிதனுக்கு முகம் ஒன்றுதான் என்றேன். அழகாகச் சொன்னேன், நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "இன்னையிலேருந்து எல்லார்கிட்டேயும் ஒரே மாதிரி இரு. என்ன வந்தாலும் சரி. உள்ளதைச் சொல்லு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எல்லார்கிட்டேயுமா அப்பா?"

"எல்லார்கிட்டேயும்."

"நிஜமா எல்லார்கிட்டேயுமா?"

"எத்தனை தடவை கேப்பே? எல்லார்கிட்டேயும்."

"சரிப்பா" என்றாள். அந்த "சரிப்பா" வீட்டுக் குரலில் இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சொன்ன சொல்லைக் கேட்கிற பிள்ளை என்று பெருமைப்படுவார்கள் இல்லையா? அது எவ்வளவு பெரிய தொந்தரவு என்று எனக்குத் தெரியும்.

மறுநாளே பொட்டோடு பஸ் ஏறினாள். டியூஷனில் "ரெண்டு தடவை படிச்சிட்டேன்" என்றிருக்கிறாள். "சீன் பார்ட்டி" என்று பேர் வைத்துவிட்டார்கள். வகுப்பில் ஒரு பிள்ளையின் செருப்பைப் பார்த்து எல்லோரும் சிரித்தபோது இவள், எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம். சிரித்த கூட்டம் அவளை விட்டு நகர்ந்துவிட்டது. சரி, அந்தச் செருப்புக்காரப் பிள்ளையாவது கூட வந்ததா என்றால், அதுவும் வரவில்லை, அது சிரித்த கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது. இதெல்லாம் செண்பகம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். செப்டம்பரில் பிறந்தநாளுக்கு ஆறு பேருக்கு என்று கேக் வாங்கினோம். நாங்கள் மூன்று பேரும் மூன்று நாள் சாப்பிட்டோம். நல்ல கேக்தான்.

என் தொழிலையும் திருத்திவிட்டாள். அப்பா மேனேஜர் இல்லை, இன்சூரன்ஸ் ஏஜென்ட், ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போவார் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் "ஆலோசகர்" என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதானே?

அக்டோபரில் பிரமு அக்கா வந்தாள். "வெள்ளிக்கிழமை விரதம் எல்லாம் ஒழுங்கா இருக்கியாட்டி?" என்று வழக்கம்போலக் கேட்டாள். காந்திமதி, "இல்லை அத்தை. எப்பவுமே இருந்ததில்லை. நீங்க வரும்போது மட்டும் சாப்பிடாம இருப்பேன். ரொம்பப் பசிக்கும்" என்றாள். திமிராகச் சொல்லவில்லை சார், அதுதான் விசேஷம். மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். அக்கா ஐந்தரை பஸ்ஸுக்குப் போக வேண்டியவள் மூன்று மணி பஸ்ஸுக்கே போய்விட்டாள். போகும்போது என்னிடம், "நல்லா வளர்த்திருக்கேடா தம்பி" என்றாள்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் டிசம்பரில் நடந்தது வேறு.

ஞானதுரை சார் என்று சமாதானபுரத்தில் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். அவர் மனைவி ரோஸ்லின் டீச்சர். பத்து வருஷமாக எனக்குப் பழக்கம். அந்த வீட்டுக்கு நான் "நாதன்". அவர்கள் என்னைச் சபைக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கிறிஸ்தவன் என்று ஒருநாளும் சொன்னதில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பொய் சொல்லுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அவர்கள் ஜெபம் செய்யும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன். தலையைக் குனிவது பொய்யா?

அவர்கள் மகன் பெங்களூரிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வருகிறான், அவன் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பாலிசி போட வேண்டும், படிவத்தில் பாலிசி எடுக்கிறவர் தாத்தாதான், வந்து கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் ஹெட்மாஸ்டர். கூடவே, "உங்க மகளைப் பார்த்து நாளாச்சு, கூட்டிட்டு வாங்க" என்றார். கூட்டிக்கொண்டு போனேன். அருவிக் காலண்டரும் எடுத்துக்கொண்டேன்.

முனையில் வண்டியை நிறுத்தினேன். நான் நெற்றியைத் துடைத்தேன். அவள் கை பொட்டுக்குப் போகவில்லை. "பொட்டு" என்றேன். "எல்லார்கிட்டேயும்னு சொன்னீங்க" என்றாள். "இது வேற. இது தொழில்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் என் முதுகைப் பார்த்தாளோ என்னவோ, பிறகு பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாள். சரி, புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

டீ வந்தது, கேக் வந்தது. ஹெட்மாஸ்டர்தான் எப்போதும் ஜெபம் செய்வார். அன்றைக்கு என்ன தோன்றிற்றோ, "இன்னிக்கு நீ ஜெபம் பண்ணும்மா" என்று இவளிடம் சொல்லிவிட்டார். நான் குறுக்கே விழுந்து, பிள்ளைக்குக் கூச்சம் சார் என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் கண்ணை மூடிவிட்டாள். எல்லோரும் மூடினார்கள். நான் பாதி மூடினேன்.

"ஆண்டவரே, எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. நாங்க கோயிலுக்குப் போறவங்க. இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் தெருமுனையில பொட்டை எடுத்து வண்டிக் கண்ணாடியில ஒட்டிட்டு வருவேன். ஏழு வயசிலேருந்து அப்படித்தான். இப்பவும் அங்கதான் இருக்கு. சாரும் டீச்சரம்மாவும் என்கிட்ட ரொம்பப் பிரியமா இருக்காங்க. அவங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாது. டீ ஆறிடும். ஆமென்."

இவ்வளவும் மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள் சார். நான் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலண்டர் அருவியை. அதில் எத்தனை பாறை என்று இப்போதும் சொல்வேன்.

ஹெட்மாஸ்டர் கண்ணைத் திறக்க ரொம்ப நேரமாயிற்று. பிறகு "ஆமென்" என்றார். ரோஸ்லின் டீச்சர் கேக் தட்டை இவள் பக்கம் தள்ளி, "பெரிய துண்டா எடுத்துக்கோ தாயி" என்றார். என் பக்கம் தள்ளவில்லை என்று சொல்ல முடியாது. அப்புறம் தள்ளினார்.

கையெழுத்தா? போட்டார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கேட்ட இடத்திலெல்லாம் போட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெளியே போடா என்று சொல்லியிருந்தால் எனக்கும் ஒரு கோபம் வந்திருக்கும். வாசல் வரை வந்தார். அவள் முன்னால் இறங்கிப் போய்விட்டாள். என் தோளைத் தொட்டு, "நாதன், உங்க புருவத்துல திருநீறு இருக்கு" என்றார். நான் பதறித் துடைத்தேன். "துடைக்காதீங்க. எப்பவும் இருக்கும். நெத்தியை நல்லாத் துடைப்பீங்க, புருவத்தை விட்டுருவீங்க. பத்து வருஷமா பார்க்கேன். நீங்களே சொல்லுவீங்கன்னு நானும் டீச்சரும் பேசாம இருந்தோம்" என்றார். அடுத்த தடவை பிள்ளையைப் பொட்டோடு கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

பெருந்தன்மையான மனிதர். உங்கள் ஆட்களிடம் அந்தக் குணம் உண்டு சார், நான் எல்லா இடத்திலும் சொல்வேன்.

திரும்பி வரும்போது அவள் பொட்டை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. அது கண்ணாடியிலேயே இருந்தது. பின்னால் வண்டி வருகிறதா என்று பார்க்கும்போதெல்லாம் என் முகம் தெரிகிறது, அதில் நெற்றி இருக்கிற இடத்தில் அவள் பொட்டு இருக்கிறது. எனக்கு எரிச்சலாக வந்தது. பஸ் ஸ்டாண்ட் பாலம் ஏறும்போது காதுக்குப் பக்கத்தில் வந்து, "அப்பா" என்றாள்.

"என்ன?"

"ஆகஸ்ட்டிலேருந்து நான் தனியாத்தான் சாப்பிடுதேன். லைப்ரரி படியில உட்கார்ந்து. எல்லார்கிட்டேயும் உள்ளதைச் சொல்லிட்டேன், உங்ககிட்ட மட்டும் இதைச் சொல்லலை. இப்ப சொல்லிட்டேன்."

நான் அதற்கு ஒரு பதில் சொன்னேன். அதைச் சொல்லவா வேண்டாமா என்று பார்க்கிறேன். நீங்கள் நாகர்கோவிலில் இறங்கிப் போய்விடுவீர்கள், சொன்னால் என்ன. "சரி விடு, எப்படியோ கையெழுத்து போட்டுட்டார்ல" என்றேன்.

அந்த நேரத்தில் என் மனதில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது சார். சமாதானமாகச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். நீ செய்ததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, கவலைப்படாதே என்கிற அர்த்தத்தில். ஒரு தகப்பன் வேறெப்படி ஆறுதல் சொல்வான்? அவள் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். வண்டியில் கனம் நகர்ந்தால் ஓட்டுகிறவனுக்குத் தெரியும் இல்லையா? அப்படித் தெரிந்தது. பரீட்சை முடிந்த அன்றைக்கே சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்று துணியை எடுத்து வைத்துவிட்டாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாதாம். முதல் நாளிலிருந்தே ஒரே முகத்தோடு இருந்துகொள்ளலாமாம். அதைச் செண்பகத்திடம்தான் சொன்னாள். என்னிடம் "சரிப்பா"கூடச் சொல்லவில்லை.

முப்பந்தல் வந்துவிட்டது பாருங்கள். காற்றாடிகள் சுற்றுகிற சுற்றைப் பாருங்கள். இந்த இடத்தில் மட்டும் எப்போதும் காற்று. ஜன்னலைக் கொஞ்சம் மூடிக்கொள்ளலாம்.

நேற்று அந்த லைப்ரரிப் படியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது, வாட்ச்மேனிடம் என்ன சொல்லி உள்ளே போனேன் என்று கேட்காதீர்கள். என் பாட்டுக்குப் போய் அந்தப் படியில் உட்கார்ந்தேன். மூன்றாவது படியில்தான் உட்கார்ந்திருப்பாள் என்று நினைக்கிறேன், அங்கேதான் நிழல். பக்கத்துத் தூணில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. சுத்தமாக இருந்தது. ஏனோ, அந்தக் கம்பத்தில் பதினொன்று இருந்ததைவிட இது மோசமாக இருந்தது. ஏன் என்று நாலு நாளாக, இல்லை, நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள் சார்? நான் போய் என்ன சொல்ல வேண்டும்? "பழையபடி இருந்துகொள், கம்பத்தில் ஒட்டிக்கொள்" என்று சொல்லவா? அப்படிச் சொன்னால் எனக்குக் கொள்கை இல்லை என்றாகிவிடும். "இப்படியே இரு" என்றால் படியில் உட்கார்ந்து சாப்பிடு என்று அர்த்தம். எனக்கு எந்த வீட்டிலும் பேச்சு நின்றது கிடையாது. வாசலில் செருப்பைப் பார்த்தே உள்ளே எப்படிப் பேச வேண்டும் என்று கண்டுபிடித்துவிடுவேன். இந்த ஒரு ஆளிடம் போய் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் தெளிவாக இருக்கிறேன். நெற்றி நிறையத் திருநீற்றோடு, வீட்டில் இருக்கிற மாதிரியே போய் நிற்பேன். ஏஜென்ட்டாக வரவில்லை என்பது பார்த்ததும் தெரிந்துவிடும்.

என்ன சார், ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

இல்லையா? நெற்றியில் இல்லையா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். இந்த முப்பந்தல் காற்று அப்படி, பூசினதெல்லாம் பறந்துவிடும்.

நானா? நான் எப்போது துடைத்தேன்?

நாங்குநேரியிலா. உங்கள் பேரைச் சொன்ன பிறகா.

...

தோவாளை தாண்டிவிட்டது. பையில் திருநீற்றுப் பொட்டலம் இருக்கிறது, வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்குமுன் மறுபடி பூசிக்கொள்ளலாம். பூசிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி இறங்கலாம். அவளுக்கு எப்படித் தெரியப் போகிறது? உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே சார்? இல்லை, இல்லை, உங்களுக்கு என்ன ஆட்சேபம் இருக்கப் போகிறது. நான்தான் கேட்கிறேன். எனக்கு இந்தக் கேட்கிற பழக்கம் விடவில்லை.

பொட்டலத்தை எடுத்துவிட்டேன். பிரிக்கத்தான் கை வரவில்லை.

அதோ. அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறாளே, நீலச் சுடிதார், அவள்தான். சித்தி வரவில்லை, தனியாகத்தான் வந்திருக்கிறாள். கையில் பை இருக்கிறதா? இல்லையா? இங்கிருந்து எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பொட்டு இருக்கிறது. பெரிய வட்டம். அவள் அம்மா வைத்துவிடுகிறது மாதிரி. இந்த ஊரில் அவளுக்கு அதை யாரும் வைத்துவிடவில்லை.

பஸ்ஸைப் பார்த்துவிட்டாள். ஜன்னல் ஜன்னலாகத் தேடுகிறாள்.

சார், கடைசியாக ஒன்று. கொஞ்சம் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். புருவத்தில் இருக்கிறதா?

இருக்கிறதா. இரண்டு புருவத்திலுமா?

அப்படியானால் இந்தப் பொட்டலத்தை நீங்கள் பிடியுங்கள், நான் இறங்குகிறேன். அவள் முதலில் அங்கேதான் பார்ப்பாள்.